வரைந்தவர் துக்கம் ஒன்று, பார்த்தவர் துக்கம் வேறு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அப்பா இறந்தபின் அவரை மருத்துவமனைக் கட்டிலில் வைத்து ஒரு பெரிய படம் வரைந்தீர்கள். மாதக்கணக்கில் அழுதுகொண்டே வரைந்தது. கண்காட்சியில் அதன் முன்னால் யாரும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. பக்கத்தில், கை பழகுவதற்காக வரைந்த சின்னப் படம் ஒன்று: படியில் கழற்றிவிட்ட ஒரு ஜோடி செருப்பு. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அதன் முன்னால் வெகுநேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் உணர்ச்சி முழுவதும் முதல் படத்தில்தானே இருந்தது, அது ஏன் போய்ச் சேரவில்லை, இரண்டாவதில் நான் எதையும் வைக்கவே இல்லையே, அது எப்படிச் சேர்ந்தது என்று கேட்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியரின் உணர்ச்சி அப்படியே பார்ப்பவரிடம் போய்ச் சேர்வதில்லை. போய்ச் சேர்வது ஓவியர் எடுத்த முடிவுகள். எதைக் காட்டினார், எதை மறைத்தார், எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார், எந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார், எப்போது கையை எடுத்தார் என்பவை. பார்ப்பவர் அவற்றுக்குள் தன் சொந்த வாழ்க்கையோடு நுழைகிறார். அந்தப் பெண்மணி துடைத்துக்கொண்ட கண்ணீர் உங்கள் அப்பாவுக்கானதாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது.

கலை என்றாலே உணர்ச்சியைக் கடத்துவது என்று நம்மில் பலருக்கும் ஓர் எண்ணம் இருக்கிறது. டால்ஸ்டாய் அதை வெளிப்படையாகவே எழுதினார். 1890களின் கடைசியில் கலையைப் பற்றி அவர் எழுதிய நூலில், கலைஞன் தான் அனுபவித்த உணர்ச்சியைக் கோடு, நிறம், ஒலி, சொல் வழியாக அடுத்தவருக்குத் தொற்றவைக்கிறான், எவ்வளவு வலுவாகத் தொற்றுகிறதோ அவ்வளவு நல்ல கலை என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓவியர்கள் உண்மையில் எப்படி வேலை செய்தார்கள் என்று பார்த்தால்தான் சிக்கல்.

1879-ல் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் மனைவி கமீல் 32 வயதில் இறந்தார். இறந்துகிடந்த கமீலை மோனே வரைந்தார். அந்தப் படம் பாரிஸில் ஆர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகத்தைச் சுற்றி நீலமும் சாம்பலும் ஊதாவும் கலந்த தீற்றல்கள் வேகவேகமாக விழுந்திருக்கின்றன. முகம் அவற்றுக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து மோனே இதைப் பற்றி நண்பர் கிளமான்சோவிடம் பேசினார். தனக்கு அவ்வளவு பிரியமான முகத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது, நெற்றிப்பொட்டில் நிறம் எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்பதைத் தன் கண் தானாகக் கவனித்துக்கொண்டிருந்ததாகவும், அதை உணர்ந்ததும் தானே அதிர்ந்துபோனதாகவும் சொன்னார். துக்கம் ஒரு பக்கம் இருந்தது, கண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண் இல்லையென்றால் படம் இல்லை.

இன்னும் கூர்மையான உதாரணம் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ். 1903-ல் அவர் செய்த 'இறந்த குழந்தையுடன் பெண்' என்ற செதுக்கோவியத்தைத் தேடிப் பாருங்கள். உடம்பில் துணியில்லாத ஒரு தாய் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். செத்த பிள்ளையைத் தன்னோடு சேர்த்து இறுக்கியிருக்கிறாள். பிள்ளையின் தலை பின்னால் சாய்ந்து தொங்குகிறது. தாயின் முகம் பிள்ளையின் உடம்பில் அழுந்திப் பாதி மறைந்துபோயிருக்கிறது. தெரிகிற பாதியில் கண்ணீர் இல்லை, திறந்த வாய் இல்லை. குட்டியை மோந்து பார்க்கும் தாய் விலங்கின் முகம் மாதிரி இருக்கிறது. அந்த முட்டியும் தோளும் அவ்வளவு கனமாக இருக்கின்றன. துக்கம் முகத்தைவிட உடம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கண்காட்சியில் இதைப் பார்த்த அவருடைய நெருங்கிய தோழி பதறிப்போனார். கோல்விட்ஸின் சின்ன மகன் பீட்டருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ? ஒன்றும் ஆகவில்லை. பீட்டருக்கு அப்போது ஏழு வயது, நன்றாகத்தான் இருந்தான். கோல்விட்ஸ் கண்ணாடி முன் உட்கார்ந்து, அவனையே கையில் பிடித்துக்கொண்டு, தன் பிம்பத்தைப் பார்த்து வரைந்த படம் அது. ஒரே நிலையில் அவனைத் தாங்கிப் பிடித்திருந்த சிரமத்தில் அம்மா முனகியதும், படம் ரொம்ப அழகாக வரும் என்று அவன்தான் அம்மாவைத் தேற்றியிருக்கிறான்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1914 அக்டோபரில், அதே பீட்டர் போரில் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். வயது 18. அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்ய வேண்டும் என்று தொடங்கிய கோல்விட்ஸால் 1932 வரை அதை முடிக்க முடியவில்லை. முடிந்தபோது அதில் மகனே இல்லை. கல்லில் ஒரு தாய், ஒரு தகப்பன். இருவரும் தனித்தனியே மண்டியிட்டிருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் தொடவில்லை. தகப்பன் தன் கைகளால் தன்னையே கட்டிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் அருகருகே வைத்து யோசியுங்கள். இழப்பே நடக்காத ஆண்டில் செய்த படம் தோழியையே நம்பவைத்தது. இழப்பு உண்மையில் நடந்தபின் கைக்கு உருவம் கிடைக்க 18 ஆண்டுகள் ஆயின. அனுபவம் இருந்தால் படம் தானாக வந்துவிடும் என்பது உண்மையானால் இது நேர்மாறாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? அதற்காக 1903-ன் படம் வெறும் கற்பனை என்றும் சொல்ல முடியாது. கணவர் பெர்லினின் தொழிலாளர் பகுதியில் மருத்துவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களை கோல்விட்ஸ் அன்றாடம் பார்த்தவர். சிறுவயதில் தன் வீட்டிலேயே ஒரு தம்பி இறந்ததையும் தாய் அதைத் தாங்கிய விதத்தையும் கண்டவர். சொந்த உணர்ச்சி என்று நாம் சொல்வதில் பாதி, அடுத்தவரைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்ததுதான்.

சரி, சொந்த இழப்பையே நேரடியாக வரைந்து வென்றவர் இல்லையா என்றால், இருக்கிறார். நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க். ஐந்து வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். 1877-ல் அக்கா சோஃபியையும் அதே நோய் கொண்டுபோனது. அவளுக்கு 15 வயது. 1885-86-ல் மூங்க் வரைந்த 'நோயுற்ற சிறுமி' அந்த இழப்பிலிருந்து வந்தது. ஆனால் அதில் இருப்பது சோஃபியின் முகம் இல்லை. வேறொரு சிறுமியை உட்காரவைத்து வரைந்தார்.

அந்தப் படத்தில் ஒரு சிறுமி பெரிய வெள்ளைத் தலையணையில் சாய்ந்திருக்கிறாள். பார்வை பக்கவாட்டில், திரைச்சீலை இருக்கும் பக்கம் போகிறது. கட்டிலருகே ஒரு பெண் தலையைக் குனிந்திருக்கிறாள். நமக்கு அவளுடைய வகிடெடுத்த கூந்தல்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இருவர் கைகளும் படத்தின் நடுவில் சந்திக்கின்றன. அங்கே போய் உற்றுப்பார்த்தால் விரல்களே இல்லை, குழம்பிய ஒரு பெயிண்ட் திட்டு மட்டும். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மூங்க் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, சுரண்டி, மறுபடி பூசியிருக்கிறார். பரப்பு முழுக்கக் கீறல்கள். பார்க்கும்போது தன் இமைமுடிகளும் பார்வையில் குறுக்கிடுவதைக் கவனித்து அதையும் படத்துக்குள் கொண்டுவந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1886-ல் காட்சிக்கு வைத்தபோது முடிக்காத படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான் என்று கேலி செய்தார்கள். அப்புறம் நாற்பது ஆண்டுகளில் இதையே மேலும் ஐந்து முறை தைலவண்ணத்தில் வரைந்தார்.

குனிந்த அந்தத் தலையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அவள் முகத்தைக் காட்டியிருந்தால் அது ஒரு குறிப்பிட்ட பெண்ணின் அழுகையாகியிருக்கும். நாம் வெளியில் நின்று அனுதாபப்பட்டிருப்போம். முகம் இல்லாததால், கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது.

முகத்தைக் காட்டாமல் விடுவது, பெயரைச் சொல்லாமல் விடுவது ஆகியவற்றை நம் இலக்கணமே விதியாக வைத்திருக்கிறது. அகப்பாட்டில் வருகிறவர்களை ஒருவர் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்கிறது தொல்காப்பியம். தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். பெயர் சொன்னால் அது அகம் ஆகாது. அதே சமயம், பெயரில்லாத இந்த ஆட்களைச் சுற்றியிருக்கும் பொருட்களைப் பாருங்கள், எவ்வளவு துல்லியம்! குறுந்தொகையின் 25-ஆம் பாட்டில் கபிலரின் தலைவி புலம்புகிறாள். அவன் என்னைக் கூடிய நாளில் சாட்சிக்கு யாரும் இல்லை, அவன் ஒருவன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். ஒரு குருகு இருந்தது, தினைத்தாள் போன்ற சின்னப் பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு. தன் பயத்தைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. குருகின் காலைப் பற்றிப் பேசுகிறாள். அதுவும் அவளைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தது. அந்தக் காலின் மெலிவைச் சொன்னதும் நமக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது. ஆளைப் பொதுவாக விடு, பொருளைக் குறிப்பாகக் காட்டு. ஓவியத்துக்கும் இதைவிட நல்ல அறிவுரை எனக்குத் தெரியாது.

தொல்காப்பியத்தில் உங்கள் கேள்விக்கு இன்னொரு உதவியும் இருக்கிறது. மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டு என்று பட்டியலிட்டுவிட்டு, ஒவ்வொன்றும் நான்கு வழியாகப் பிறக்கும் என்கிறது. அழுகை பிறக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது பிறர் நம்மை இழிவாக நடத்துவது, வேண்டியவரை இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்வது, இல்லாமை. நீங்கள் இழவின் வழியாக அந்தச் செருப்பிடம் வந்திருக்கலாம். அந்தப் பெண்மணி எந்த வழியாக வந்தார்? செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கைகட்டி நின்ற ஓர் இடம் அவருக்கு நினைவு வந்திருக்கலாம். அறுந்த வாரைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்ட காலம் நினைவு வந்திருக்கலாம். நடமாட்டம் நின்றுபோய்ப் படுக்கையில் கிடக்கும் ஒருவரின் பயன்படாத செருப்பாக அது தெரிந்திருக்கலாம். கிளம்பிய இடம் வேறு, வந்து நின்ற இடம் ஒன்று. ஒரே படத்தின் முன்னால் நான்கு பேர் நான்கு காரணத்துக்காகக் கலங்கினால் அது படத்தின் குறை ஆகாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் செருப்பையே சாட்சிக்கு அழைக்கலாம். 1886-ல் வின்சென்ட் வான்கா ஒரு ஜோடி பழைய பூட்ஸை வரைந்தார். தத்துவவாதி ஹைடெக்கர் அதை 1930-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு, பிறகு ஒரு கட்டுரையில் அதைப் பற்றி உருகி எழுதினார். அவருக்கு அவை ஓர் உழவுப் பெண்ணின் காலணிகள். காலணிக்குள் இருக்கும் இருட்டிலிருந்து அவளுடைய உழைப்பின் சோர்வும், வயல்வழியின் தனிமையும், மண்ணின் ஈரமும், அடுத்த வேளைச் சோற்றுக்கான கவலையும் எழுந்து வருவதாகக் கண்டார். 1968-ல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபீரோ குறுக்கிட்டார். ஐயா, இதில் உழவுப் பெண்ணும் இல்லை, வயலும் இல்லை, அப்போது நகரத்தில் வாழ்ந்த வான்காவின் சொந்த பூட்ஸ் அது, நீங்கள் உங்கள் மண்ணின் ஏக்கத்தைப் படத்தில் ஏற்றிவிட்டீர்கள் என்பது அவர் வாதம்.

இந்தச் சண்டையில் ஷபீரோ பக்கம்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் ஹைடெக்கரைச் சிரித்து ஒதுக்க முடியவில்லை. அவர் சொன்னதில் ஆள்தான் தப்பு. தேய்மானம் சரி, கனம் சரி, அவிழ்ந்து கிடக்கும் கயிறுகளில் உள்ள சோர்வு சரி. இவை படத்திலேயே இருக்கின்றன. பார்ப்பவரின் அனுபவத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று கேட்டால் இதைத்தான் அளவுகோலாக வைப்பேன். உங்கள் நினைவு எங்கே வேண்டுமானாலும் போகட்டும்; திரும்பி வந்து படத்தில் ஒரு கோட்டையோ நிறத்தையோ தொட்டுக்காட்ட முடிகிறதா? முடிந்தால் நீங்கள் படத்தோடுதான் இருக்கிறீர்கள். முடியவில்லையென்றால் படம் ஒரு சாக்கு, சுவரில் எது தொங்கியிருந்தாலும் அன்று அழுதிருப்பீர்கள்.

இங்கே நீங்கள் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைக் காட்டி என்னை மடக்கலாம். முகம் மறையவில்லை, பெயர் மறையவில்லை, தன்னையேதான் திரும்பத் திரும்ப வரைந்தார். 18 வயதில் பேருந்து விபத்தில் முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கிய கதை உலகத்துக்கே தெரியும். பிறகு எப்படி யார் யாரோ அந்தப் படங்களில் தங்களைக் காண்கிறார்கள்? 1944-ல் வரைந்த 'உடைந்த தூண்' படத்தைக் கவனியுங்கள். உடம்பு நடுவில் பிளந்திருக்கிறது, உள்ளே முதுகெலும்புக்குப் பதிலாக விரிசல் விட்ட கல்தூண். தோல் முழுக்க ஆணிகள். உடம்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பட்டைகள். கன்னத்தில் கண்ணீர்த்துளிகள் இருக்கின்றன, ஆனால் முகம் கோணவில்லை. நேராக நம்மைப் பார்க்கிறார். வலி முழுவதையும் பொருட்களிடம் ஒப்படைத்துவிட்டு, முகத்தை மட்டும் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். உள்ளே நொறுங்கிப்போய் வெளியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்த எவருக்கும் அந்த நிலை தெரியும், விபத்து நடந்திருக்க வேண்டியதில்லை. காலோவிடம் பெயர் மறையவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருளைக் குறிப்பாகக் காட்டுவதை அவர் யாரையும்விடப் பிடிவாதமாகச் செய்தார்.

மூளை ஆய்வுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதிகம் சொல்லமாட்டேன், இந்தத் துறையில் வாக்குறுதிகள் அதிகம், தெளிவு குறைவு. ஒன்று மட்டும் குறிப்பிடத்தக்கது. 2012-ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலருக்கு மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டே நூற்றுச்சொச்சம் ஓவியங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு தொடுகிறது என்று ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் கேட்டார்கள். நாம் நம்மைப் பற்றி யோசிக்கும்போதும் பழைய நினைவுகளில் உலவும்போதும் இயங்கும் சில மூளைப் பகுதிகள் உண்டு. வெளியுலகில் ஒன்றைக் கூர்ந்து பார்க்கும்போது அவை பொதுவாக அடங்கிவிடும். அந்தப் பகுதிகள் நான்கு மதிப்பெண் பெற்ற படங்களுக்கு மட்டும் வேறு விதமாக நடந்துகொண்டன. மூன்று வாங்கிய படத்துக்குக்கூட அப்படி இல்லை. எந்தப் படத்துக்கு நான்கு என்பதில் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு. நன்றாக இருக்கிறது என்பதற்கும் என்னைத் தொட்டது என்பதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது என்பதோடு இது பொருந்திப்போகிறது. அதற்கு மேல் இதை இழுக்க வேண்டாம்.

உருவமே இல்லாத ஓவியம் எப்படித் தொடுகிறது என்பது இன்னும் சுவாரசியமான கேள்வி. அமெரிக்க ஓவியர் ராத்கோவின் பெரிய வண்ணப் பரப்புகளின் முன்னால் பலர் அழுதிருக்கிறார்கள். அப்படி அழுகிறவர்கள், தான் அவற்றை வரைந்தபோது அடைந்த அதே சமய அனுபவத்தை அடைகிறார்கள் என்று 1950களில் ராத்கோ ஒரு பேட்டியில் சொன்னார். அதே அனுபவம் என்பதை நான் நம்பவில்லை. ஓவியர்கள் தங்கள் படத்தைப் பற்றிச் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த வேலை கச்சிதமானது. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஓரங்களைத் தெளிவாக முடிக்காமல் விட்டார். படத்தை ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக்கினார், மிக அருகில் நின்று பார்க்கச் சொன்னார். அருகில் நின்றால் படத்தின் விளிம்பு கண்ணிலிருந்து நழுவிவிடும். பிடித்துக்கொள்ள ஒரு மரமோ முகமோ இல்லை. கண்ணுக்கு வேலை இல்லாதபோது மனம் தன் பெட்டியைத் திறக்கிறது. ஹூஸ்டனில் 1971-ல் திறக்கப்பட்ட ராத்கோ தேவாலயத்தில் இருக்கும் 14 படங்களும் ஏறக்குறைய இருட்டு. சிலருக்கு அங்கே அமைதி கிடைக்கிறது, சிலருக்கு மூச்சு முட்டுகிறது. இரண்டு பேரும் ஒரே சுவரைத்தான் பார்க்கிறார்கள்.

சோம்நாத் ஹோரின் 'காயங்கள்' வரிசை எனக்கு இதைவிட நெருக்கமானது. 1943-ன் வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்து, பட்டினியில் கிடந்தவர்களை இளமையில் வரைந்து தள்ளியவர் அவர். 1970களில் செய்த இந்த வரிசையில் வண்ணத்தையும் உருவத்தையும் விட்டுவிட்டார். களிமண் பரப்பைக் கத்தியால் கீறி, குத்தி, அதிலிருந்து அச்சு எடுத்து, காகிதக்கூழை அதில் அழுத்தி எடுத்தார். கிடைத்தது வெள்ளைத் தாள், அதில் வெள்ளைக் கீறல். தாளின் மேல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் காயமே தெரியும். பஞ்சத்தின் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆள் இல்லை. யாருடைய தோல் என்று கேட்டால், உங்களுடையது என்று சொல்லிவிடலாம்.

பார்ப்பவரின் அனுபவம் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. எட்வர்ட் ஹாப்பர் 1927-ல் வரைந்த 'ஆட்டோமேட்' படத்தில் ஒரு பெண் தனியாக ஒரு சின்ன மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் கையுறை இருக்கிறது, இன்னொரு கையில் கழற்றியிருக்கிறாள். எதிர்நாற்காலி காலி. பின்னாலிருக்கும் பெரிய ஜன்னலில் தெருவே தெரியவில்லை. உள்ளே எரியும் விளக்குகளின் பிரதிபலிப்பு மட்டும் இரண்டு வரிசையாக இருட்டுக்குள் போகிறது. பெருநகரத் தனிமை என்று கலைப் புத்தகங்கள் எழுதிவைத்திருந்தன. 2020-ல் ஊரடங்கு வந்தபோது ஹாப்பரின் படங்கள் திடீரென்று எல்லோர் கைப்பேசியிலும் சுற்றின. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. தனித்திருப்பது என்றால் என்ன என்பது பார்ப்பவர்களுக்கு மாறியிருந்தது. அரசியலும் இப்படித்தான் நுழையும். 2003 பிப்ரவரியில் ஐ.நா. சபையில் ஈராக் மீதான போருக்கு ஆதரவாக அமெரிக்கா பேசிய நாட்களில், பத்திரிகையாளர்கள் கூடும் இடத்தில் தொங்கிய 'குவெர்னிகா'வின் நெசவுப் பிரதியை நீலத் துணியால் மூடினார்கள். 1937-ல் ஒரு ஸ்பானிய ஊரின் மீது விழுந்த குண்டுக்காக வரைந்த படம். ஆனால் பிக்காசோ அதில் விமானத்தையும் வரையவில்லை, சீருடையையும் வரையவில்லை. அதனால்தான் அறுபது ஆண்டு கழித்தும் அதற்கு முன்னால் நின்று போரைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது.

இப்போது நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன்: அப்பாவின் கதையை எழுதிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் பார்ப்பவர்களுக்குப் புரியுமா? புரியும். அதுதான் ஆபத்து. வான்காவின் 'காகங்களுடன் கோதுமை வயல்' இதற்குப் பழைய பாடம். இது அவர் தற்கொலைக்கு முன் வரைந்த கடைசிப் படம் என்று ஒரு வரி சொன்னால் போதும், காகங்கள் எமதூதர்களாகிவிடும், நடுவில் முடிந்துபோகும் பாதை ஒரு வாழ்க்கையின் முடிவாகிவிடும். உண்மையில் அது கடைசிப் படம் இல்லை. 1890 ஜூலையில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன் வரைந்தது. அதன்பின் வேறு படங்களும் வரைந்தார். கொந்தளிக்கும் வானத்தின் கீழ் விரியும் வயல்களைப் பற்றி அந்த மாதம் எழுதிய கடிதத்தில், துயரத்தையும் கடும் தனிமையையும் காட்ட முயன்றதாகச் சொன்னவர், கிராமப்புறத்தில் தான் காணும் ஆரோக்கியமும் தெம்பும் இந்தப் படங்களில் தெரியும் என்றும் எழுதினார். இரண்டில் ஒன்றைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது. கதை தெரிந்தவர்கள் கதையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

உங்கள் பெரிய படத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதியதிலிருந்தே ஊகிக்க முடிகிறது. முகம் படத்தின் பெரும்பகுதியை நிறைத்திருக்கிறது, பின்னணி சிவப்பும் கறுப்பும், கட்டிலைச் சுற்றி அழும் குடும்பம். எல்லாமே ஒரே வேலையைச் செய்கின்றன: பார்ப்பவரை அழச் சொல்கின்றன. அவருக்கென்று செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அவர் மரியாதையாகச் சில நொடிகள் நின்றுவிட்டுப் போகிறார், துக்க வீட்டில் தெரியாதவர்கள் நிற்பதுபோல. படம் பொய் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் அழுதது அத்தனையும் உண்மை. ஆனால் அந்த மாதங்களில் உங்கள் கண் என்ன பார்த்தது என்பது அதில் இல்லை.

ஆகவே அதைக் கிழித்துப்போட வேண்டாம், மேலே வேலை செய்யவும் வேண்டாம். சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். அந்த அறையில் உங்கள் கண் உண்மையில் எங்கே போய் நின்றது என்று ஒரு ஸ்கெட்ச் புத்தகத்தில் எழுதுங்கள், வரையக்கூட வேண்டாம். எல்லோருக்கும் எங்கோ ஓரிடத்தில் கண் நின்றிருக்கும்: குளுக்கோஸ் பாட்டிலின் குமிழி, கட்டில் சக்கரத்தின் துரு, நகம் வெட்டாத ஒரு கால்விரல். அதை வரையுங்கள், சின்னதாக. அழுகிற முகம் வேண்டும் என்று தோன்றினால் ஒரு முகத்தை மட்டும் வைத்து அதையும் திருப்பிவிட்டுப் பாருங்கள். சிவப்பை எடுத்துவிட்டால் எதுவும் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி வரையுங்கள். மூங்க் ஆறு முறை வரைந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காட்சிக்கு வைக்கும்போது அட்டையில் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவை போதும். யாராவது கேட்டால் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் அவர் என்ன பார்த்தார் என்று முதலில் கேட்டுவிட்டு. பெரும்பாலும் அவர் உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசமாட்டார். அவருடைய மாமியாரைப் பற்றிப் பேசுவார், விற்றுவிட்ட வீட்டைப் பற்றிப் பேசுவார், சில சமயம் சம்பந்தமே இல்லாத ஒன்றைச் சொல்வார். முதல் சில தடவை சுருக்கென்று இருக்கும். திருத்தத் தோன்றும். திருத்தாதீர்கள், படத்தில் எந்த இடம் அப்படித் தோன்றவைத்தது என்று மட்டும் கேட்டு, அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே படத்தை வரையும்போது அந்த இடத்தில் கை வைக்காதீர்கள்.